குடும்பப் பெயர் கேட்ட பரீட்சை

"சின்னசாமி யாரு?"

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் கேட்டார். கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. ஒரு கையில் என் தங்கை விஜயாவின் அடையாளக் கார்டு. இன்னொரு கையில் அமெரிக்காவிலிருந்து தபாலில் வந்த பரீட்சைச் சீட்டு. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"எங்கப்பா, சார்" என்றாள் விஜயா.

"பரீட்சை எழுதப் போறது?"

"நான்தான்."

"சீட்டுல சின்னசாமின்னுதானே இருக்கு? அப்போ உங்கப்பாவை வந்து உட்காரச் சொல்லு லா."

இதையெல்லாம் அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார். அந்த 'லா' மட்டும் நம்ம மலேசியாவுடையது. வரிசையில் பின்னால் நின்றவர்களில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். விஜயாவும் முதலில் லேசாகச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

கோலாலம்பூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபம் அது. சனிக்கிழமை காலை. தரைக்குப் புதிதாக மெழுகு போட்டிருந்தார்கள். அந்த வாடையோடு நனைந்த குடைகளின் வாடையும் சேர்ந்து அடித்தது. நான் அவளைக் கப்சாய் என்கிற சின்ன மோட்டார்சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, தூணோரமாக நின்றுகொண்டிருந்தேன்.

"நீ ஓரமா நில்லு. மத்தவங்க போகட்டும்" என்றார் அவர்.

அவள் ஓரமாக நின்றாள். கையில் சீவிய பென்சில்கள்.

### எதற்காக அந்தப் பரீட்சை

பிள்ளைகளே, உங்கள் கிள்ளான் அத்தை விஜயா அமெரிக்காவுக்குப் படிக்கப் போக வேண்டியவர் என்று போன வாரம் ஒரு வரி எழுதியிருந்தேன். ஏன் போகவில்லை என்று கேட்டீர்கள். சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவத்தோடு நின்றவன். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். உங்கள் தாத்தா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். வண்டி எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ அந்தப் பக்கம் தண்டவாளத்தைத் திருப்பிவிடும் வேலை. நான் சுங்கை வே பாக்டரிகளுக்குப் பெண்களை ஏற்றிப் போகும் பஸ் ஓட்டினேன். உங்கள் அம்மாவைக் கட்டிய புதிது.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் விஜயா. புள்ளியியல் படித்தாள். பட்டம் வாங்கிவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சராக இருந்தாள். அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் அவள் எழுதியதைப் படித்துவிட்டு, நீ விண்ணப்பம் போடு, இடம் கிடைத்தால் உதவிப் பணமும் கிடைக்கும் என்று பதில் எழுதியிருந்தார். அதற்கு இரண்டு பரீட்சை எழுத வேண்டும். ஒன்று ஆங்கிலம். வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் எழுத வேண்டியது. இன்னொன்று கணக்கும் வார்த்தைகளும் யோசனையும் கலந்த பொதுப் பரீட்சை.

அதே சமயம் கிள்ளானில் ஒரு மாப்பிள்ளை. துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. நல்ல பையன், நல்ல குடும்பம். தாத்தாவுக்கு அடுத்த வருஷம் ஓய்வு. ஓய்வு என்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் மகளை ஒரு வீட்டில் சேர்த்துவிட வேண்டும் என்று அவர் நினைத்ததை நான் குறை சொல்ல மாட்டேன்.

"சித்திரை பொறக்கட்டும்" என்றார் அவளிடம். "அதுக்குள்ள அமெரிக்காக்காரன் வான்னு சொன்னா போ. நானே ஏரோப்ளேன் ஏத்தி வுடுறேன். சொல்லலன்னா கிள்ளான்காரங்களுக்குச் சரின்னு சொல்லிடுவேன். என்னா?"

"சரிப்பா."

கிள்ளான்காரர்களும் காத்திருக்கிறோம் என்றார்கள். அப்படி ஒரு வருஷம் அவளுக்குக் கிடைத்தது.

### எங்கள் வீட்டில் இல்லாத ஒன்று

ஆங்கிலப் பரீட்சைக்குப் பதியும் தாளில் முதல் கேள்வியே அவளைப் பிடித்து நிறுத்திவிட்டது. எழுத்துக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குக் கீழே வட்டங்கள், பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். அதற்கு மேலே 'குடும்பப் பெயர்' என்று போட்டிருந்தது.

"நம்ம குடும்பப் பேரு என்னண்ணே?"

"நமக்கு எங்க இருக்கு அதெல்லாம்? சீனனுக்குத்தான் இருக்கு. டானு, லிம்முன்னு."

"கட்டாயம் போடணுமாம்."

அவள் அடையாளக் கார்டில் இருந்தது 'விஜயலெட்சுமி a/p சின்னசாமி'. வெளியூர்ப் பிள்ளைகள் இதைப் படித்தால் அந்த இரண்டு எழுத்தும் கோடும் என்ன என்று கேட்பார்கள். 'அனாக் பெரெம்புவான்', மலாயில் மகள் என்று அர்த்தம். ஆணுக்கு a/l, மகன். பிறந்த அன்று கிராணி எழுதியது, சாகும்வரை கூடவே வரும்.

அந்த a/l என்னையும் சும்மா விட்டதில்லை. நான் பஸ் ஓட்டிய பாக்டரிக்கு ஓர் அமெரிக்க இஞ்சினியர் வந்திருந்தார். டிரைவர்கள் பட்டியலில் என் பெயரைப் பார்த்து, நடுவில் இருந்த அதுதான் ஆளின் பெயர் என்று நினைத்துக்கொண்டார். தினம் காலையில் என்னைக் கண்டதும் கையைத் தூக்கி, "குட் மார்னிங், அல்!" என்பார். பஸ்ஸில் இருந்த பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "அல் அண்ணே, கொஞ்சம் நிப்பாட்டுங்க", "அல் அண்ணே, இன்னிக்கி என்ன லேட்டு?" வருஷக்கணக்கில் நான் அல் அண்ணன்தான். எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. சம்பளம் சரியாக வந்துகொண்டிருந்ததே, எனக்கென்ன.

விஜயாவுக்கு வேடிக்கையாக இருக்க முடியவில்லை. கூடப் படித்த சிநேகிதி ஒருத்தி, குடும்பப் பெயர் என்றால் அப்பா பெயர், எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்றாள். அதையே போட்டாள். குடும்பப் பெயர்: சின்னசாமி. அவளுடைய சொந்தப் பெயர் அடுத்த வரிசைக் கட்டங்களுக்குள் அடங்கவில்லை. பாதியில் கட்டம் தீர்ந்துவிட்டது. விஜயலெட் என்று நின்றது.

பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்திலும் அதே மாதிரி எழுதினாள்.

"என்னாடி, 'லெட்'டோட நிக்கிது?" என்றாள் உங்கள் பாட்டி.

"மிச்சம் அமெரிக்கா போய் எடுத்துக்கிறேம்மா."

### மூக்கால் பேசும் கேசட்

அந்த மாதங்களில் வீட்டில் எப்போதும் ஒரு கேசட் ஓடிக்கொண்டிருக்கும். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பேசுவார்கள். பிறகு மூன்றாவது குரல் ஒன்று, அந்த ஆள் என்ன சொல்ல வந்தான் என்று கேட்கும்.

"மூக்கால பேசுறானுங்க" என்பார் தாத்தா. "சளி புடிச்சிருக்கும் போல."

ஒரு தடவை கேசட்டில் அந்தப் பெண், இன்றைக்கு என்ன வெயில் என்றாள். அவன், நீ அதை இன்னொரு தடவை சொல்லலாம் என்றான். விஜயா எங்களிடம் கேட்டாள், அவன் என்ன சொல்கிறான்?

"காது கேக்கல, திருப்பிச் சொல்லுங்கிறான்" என்றேன்.

"திமிரு. முடிஞ்சா இன்னொரு தடவை சொல்லிப் பாருங்கிறான்" என்றார் தாத்தா.

"ஆமான்னு சொல்றானாம்" என்றாள் விஜயா, விடையைப் பார்த்துவிட்டு.

தாத்தா விடவில்லை. "ஆமான்னு சொல்றதுக்கு ஆமான்னு சொன்னா என்ன?"

எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் இரவில் படுக்கும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும். பனிச்சறுக்கு வண்டிக்கு என்ன பெயர், குதிரை லாடத்துக்கு என்ன பெயர் என்று, இந்த ஊரில் யாரும் கண்ணால் பார்க்காத சாமான்களின் பெயர்களை அவள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

### மறுபடியும் அந்த வாசல்

ஆங்கிலப் பரீட்சை அன்று ஓரமாக நின்றவளை விட்டேனே, அங்கே வருகிறேன்.

வரிசை முழுக்க உள்ளே போய்விட்டது. அவள் மட்டும் நின்றாள். நான் தூணை விட்டு நகர்ந்து மேசைக்குப் போனேன்.

"பாஸ், நம்ம பேரெல்லாம் இப்பிடித்தான் பாஸ். உங்களுக்கே தெரியுமே. அப்பா பேரு பின்னால வரும்."

"எனக்குத் தெரியும். அமெரிக்காவுக்குத் தெரியாது. ஆளும் பேரும் ஒண்ணா இருக்கணும், அதான் ரூல். வேற ஆளு வந்து எழுதினா யாரு பொறுப்பு? நீங்களா?"

"அண்ணே, நீங்க போங்க" என்றாள் விஜயா, என்னைப் பார்க்காமல்.

உள்ளேயிருந்து ஒரு பெரிய அதிகாரி அம்மாள் வந்தார். கண்ணாடியைத் தூக்கி இரண்டையும் பார்த்தார். விஜயாவின் முகத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் போட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டாள். அவசரத்தில் இரண்டு கையெழுத்தும் ஒன்று போல இல்லை.

"சரி, போ. கதவைச் சாத்தப் போறாங்க."

உள்ளே கேசட் தொடங்கிவிட்டது. மூக்கால் பேசும் அந்தக் குரல் வெளியே வரைக்கும் கேட்டது. அவள் மெழுகு போட்ட தரையில் ஓடக் கூடாது என்று சின்னச் சின்ன அடியாக வைத்து வேகமாக நடந்து போனாள்.

பரீட்சை முடிந்து வந்தவளிடம் எப்படி என்று கேட்டேன். "நல்லா எழுதிட்டேன்" என்றாள். பங்சார் சாலையில் டிராபிக்கில் நின்றபோது, பின்னாலிருந்து, "என் பேரு எனக்கே சொந்தமில்லன்ற மாதிரி பாத்தான்ணே" என்றாள். ஹெல்மெட் வழியாக எனக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகம். திருப்பிக் கேட்கவில்லை.

### யாரும் கேள்வி கேட்காத பரீட்சை

பொதுப் பரீட்சைக்குப் பதியும்போது, வாசலில் மறுபடி மடக்கக் கூடாது என்று குடும்பப் பெயர்க் கட்டத்தில் விஜயலெட்சுமி என்று எழுதினாள். சின்னசாமியை இரண்டாவதாகப் போட்டாள். அடையாளக் கார்டில் இருக்கும் அதே வரிசை.

"மாத்திப் போட்டா குழப்பம் வராதா?" என்றேன்.

"ரெண்டு பேரும் ரெண்டுலயும் இருக்கேண்ணே. முன்ன பின்னதானே. ஆளு ஒண்ணுதானே."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மழைக்காலத்தில் அந்தப் பரீட்சை வந்தது. அதே மண்டபம், அதே ஆள். கார்டைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், போ என்று தலையை ஆட்டினார். விஜயா உள்ளே போகும்போது திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். ரொம்ப நாள் கழித்து அவள் முகத்தில் அப்படி ஒரு குறும்பு. திரும்பும் வழியில் ரோட்டோரக் கடையில் மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டே சாப்பிட்டோம்.

எங்களைக் கெடுத்தது தகராறு நடந்த அந்தப் பரீட்சை இல்லை. தகராறே இல்லாமல் நடந்த இதுதான்.

மதிப்பெண் வந்தபோது தாத்தா கேட்டார், "பாஸா, பெயிலா?"

"இதுல பாஸ் பெயில் இல்லப்பா."

"பாஸ் பெயில் இல்லாம என்ன பரீட்சை?"

"நூறு பேரை வரிசையா நிக்க வச்சா, எனக்குப் பின்னாடி எத்தனை பேர்னு சொல்லுவாங்க."

"எத்தனை பேரு?"

"கணக்குல கிட்டத்தட்ட எல்லாரும்பா."

தாத்தா வேலைத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினார். வழியில் யார் யாரிடம் அதைச் சொன்னாரோ, ஒரு வாரம் வரை குவார்ட்டர்ஸ் முழுக்க அதே பேச்சு.

### இரண்டு மிஸ்கள்

பங்குனி முடியும் சமயம் அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு உறை ஒன்றாக வந்தது. ஒன்று மிஸ் சின்னசாமிக்கு. இன்னொன்று மிஸ் விஜயலெட்சுமிக்கு.

மிஸ் சின்னசாமிக்குச் சொல்லியிருந்தார்கள்: உங்கள் விண்ணப்பமும் ஆங்கில மதிப்பெண்ணும் கிடைத்தன. பொதுப் பரீட்சை மதிப்பெண் கடைசித் தேதி வரை வரவில்லை. ஆகவே உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க முடியவில்லை.

மிஸ் விஜயலெட்சுமிக்குச் சொல்லியிருந்தார்கள்: உங்களுடைய மிகச் சிறந்த மதிப்பெண் எங்களுக்கு வந்திருக்கிறது. ஆனால் நீங்கள் விண்ணப்பமே அனுப்பவில்லை. விருப்பம் இருந்தால் அடுத்த ஆண்டு அனுப்புங்கள்.

இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவள் மறுபடியும் படித்தாள். பிறகு எங்களுக்குத் தமிழில் சொன்னாள். சொல்லும்போது நடுவில் சிரித்தாள். உங்கள் அம்மாதான் போய் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கே தந்தி கொடுத்தோம், இரண்டும் ஒரே ஆள் என்று. பதில் வந்தது. தவறு புரிகிறது, வருந்துகிறோம், இரண்டு கோப்புகளையும் சேர்த்துவிட்டோம். ஆனால் இந்த ஆண்டின் இடங்களும் உதவிப் பணமும் முடிந்துவிட்டன.

சித்திரை பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது.

### தாத்தாவுக்குப் புரிந்த விதம்

பெயர், கோப்பு என்று நாங்கள் எவ்வளவு சொல்லியும் தாத்தாவுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் அவரே கேட்டார்.

"வண்டி பாதி தாண்டுறப்ப பாயிண்ட்டை மாத்திட்ட மாதிரியா? முன்பெட்டி கிள்ளான் லைன்ல, பின்பெட்டி செந்தூல் லைன்ல?"

"ஆமாப்பா. அதேதான்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. அந்த வேலையில் இருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய பயம் கிடையாது. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு தடவைகூட அவர் அப்படிச் செய்ததில்லை.

அன்று சாயங்காலம் விஜயா பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தாத்தா வந்து எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"என் பேரா உன்னைக் கெடுத்துச்சி?"

"இல்லப்பா. பேரு என்ன செஞ்சிச்சி பாவம்."

"அப்ப இன்னொரு வருஷம் எழுது. கிள்ளான்காரங்ககிட்ட நான் பேசிக்கிறேன். குவார்ட்டர்ஸ் போனா போவுது, எங்கயாச்சும் ரூம் எடுத்துக்கலாம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எழுது."

தாத்தா கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்கி நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பின்வாங்கினார். நான் கதவோரத்தில் நின்று, அவள் சரி என்று சொல்லிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

விஜயா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"எந்தப் பேர்லப்பா?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாதவள் கேட்பது போலக் கேட்டாள்.

"எனக்கு முடியலப்பா" என்றாள் அப்புறம். "மறுபடி அந்த வாசல்ல நிக்கணும். மறுபடி நான்தான் நான்னு சொல்லணும். அந்தப் பேராசிரியரும் அடுத்த வருஷம் வேற எங்கயோ போறாராம். வேணாம். கிள்ளான்காரங்க எவ்வளவு நாள் காத்துக்கிட்டு இருப்பாங்க?"

பிள்ளைகளே, அடுத்த வருஷம் ஒரே பெயரில் ஒழுங்காக எழுதியிருந்தால் அவள் போயிருக்கக்கூடும். அது அவளுக்கும் தெரியும். இன்றைக்கு நீங்கள் சுலபமாகச் சொல்லிவிடுவீர்கள், அத்தை இன்னும் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கலாம் என்று. நான் அவளைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நீங்களும் அவரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

### கிள்ளான் பஸ்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாத்தா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிள்ளானுக்குப் போனார். போங்கள் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. போகாதீர்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. துணைக்கு நான் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

சாயங்காலம் அவரை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மழை தூறியது. கிள்ளான் பஸ் புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது. எல்லாரும் இறங்கிய பிறகுதான் அவர் இறங்கினார். கையில் அவர்கள் கொடுத்தனுப்பிய பழப்பை.

மோட்டார்சைக்கிளில் ஏறவில்லை. "நடக்கலாம்டா" என்றார். நான் அதைத் தள்ளிக்கொண்டே கூட நடந்தேன்.

"ஆவணியில வச்சிக்கலாம்னு சொல்றாங்க."

"ம்."

"நல்ல சனங்க. மாப்பிள்ளையோட அம்மா ரொம்ப மரியாதையாப் பேசிச்சி. பொண்ணு என்ன படிச்சிருக்குன்னு கேட்டுச்சி. டிகிரின்னேன். சந்தோஷப்பட்டுச்சி."

மழை வலுத்தது. பாலத்துக்குக் கீழே ஒதுங்கி நின்றபோது பழப்பையைக் கை மாற்றிக்கொண்டார்.

"இவ்வளவு படிச்ச பொண்ணு, அதுக்கு மேல படிக்க ஆசை ஒண்ணும் இல்லையான்னு கேட்டுச்சிடா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

தாத்தா மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லன்னு சொல்லிட்டேன்" என்றார்.